வாயாடிப் பிள்ளை திடீரென்று திக்கினால்

மூன்று வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டில் அமைதி என்பது தூங்கும் நேரத்தில் மட்டும்தான். பொம்மைக்குச் சோறூட்டும்போது பேச்சு, பாத்ரூமில் பேச்சு, யாருமே இல்லாவிட்டாலும் தனக்குத்தானே பேச்சு. 'தனியா பேசுறாளே' என்று பயந்து வருகிறவர்கள் உண்டு. தேவையில்லை. இந்த வயதில் வாய்விட்டுச் சொல்லித்தான் பிள்ளைகள் யோசிக்கிறார்கள். 1934-இல் வெளியான தன் நூலிலேயே சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி இதை விளக்கியிருக்கிறார். போகப்போக அந்தப் பேச்சு மனசுக்குள் அடங்கிவிடும்.

ஸ்பீச் தெரபிஸ்டான என்னிடம் பெற்றோர் பதறி வருவது வேறொன்றுக்கு. நேற்றுவரை பொரிந்து தள்ளிய பிள்ளை, இன்று "அம்மா, நான்... நான்... நான் வந்து... நாய்க்குட்டி பாத்தேன்" என்று தடுமாறும். 2 வயதிலிருந்து 5 வயதுக்குள் இது சகஜம். சொல்ல வேண்டியது மனசில் முட்டிக்கொண்டு நிற்கிறது. வாக்கியம் கோக்கும் திறன் இன்னும் அந்த வேகத்துக்கு வரவில்லை. நிறையப் பேசுகிற பிள்ளை என்றால் தடுமாற்றமும் அடிக்கடி காதில் விழும், அவ்வளவுதான்.

வசம்பை உரசி நாக்கில் தடவுகிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். கோளாறு நாக்கில் இல்லை, வாந்திதான் மிச்சம். "மெதுவா சொல்லு", "மூச்சு விட்டுட்டு சொல்லு" என்று திருத்துவதும் உதவாது. வாயைத் திறக்கும் முன்பே பிள்ளைக்குப் பயம் வந்துவிடும்.

என் அறையில் ஒரு அம்மா செய்ததைச் சொல்கிறேன். மகள் 'நான் நான்' என்று நின்றதும் செல்போனைக் கவிழ்த்து வைத்தார். தரையில் அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார். வார்த்தையை எடுத்துக்கொடுக்கவில்லை. அவள் முடித்த பிறகு, ஒரு நொடி விட்டு, நிதானமாக, "அப்படியா? என்ன கலர் குட்டி?" என்றார். நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமே மிச்சமில்லை. நாம் நிதானமாகப் பேசினால், பிள்ளைக்கும் அவசரம் குறையும்.

பெரும்பாலும் இது தானாகச் சரியாகும். ஆறு மாதம் தாண்டியும் நீடித்தால், 'ப்-ப்-ப்பா' என்று முதல் எழுத்திலேயே சிக்கினால், சத்தமே வராமல் கண்ணை இறுக்கினால், குடும்பத்தில் யாருக்காவது திக்குவாய் இருந்தால் காட்டிவிடுங்கள். வாய் ஓயாத பிள்ளை "ஒண்ணுமில்லம்மா" என்று பாதியில் விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தால், மாதக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரித்தாலே வழிகாட்டுவார்கள்.