டிஇசட்எம் போட்டாச்சு என்று எடையைக் கூட்டாதீர்கள்

"மாலிப்டினம் உருகுறது 2,623 டிகிரி செல்சியஸ்ல. நம்ம உலை 1,300-ஐத் தாண்டாது. அப்புறம் ஏன் சட்டம் தொய்யுது?" வெற்றிட உலைகளைப் பராமரிக்கும் என்னிடம், உலைக்குள் தட்டுகளைத் தாங்கும் மாலிப்டினச் சட்டத்தைப் பற்றி அடிக்கடி வரும் கேள்வி இது.

கெல்வின் கணக்கில் உருகுநிலையின் 40 சதவீதத்தைத் தொட்டாலே உலோகத்தில் க்ரீப் எனும் மெதுவான வளைவு தொடங்கிவிடும். மாலிப்டினத்துக்கு அது 885 டிகிரி செல்சியஸுக்குப் பக்கம். சுமை மாறாது, சூடும் மாறாது, ஆனால் சட்டம் மணிக்கு மணி வளைந்துகொண்டே போகும். இழுவலிமைச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். உலைக்குள் சட்டம் சுமப்பதோ ஆயிரக்கணக்கான மணி நேரம். அதனால் இழுவலிமை எண்ணை மட்டும் பார்த்துச் சட்டம் வாங்காதீர்கள்.

இதற்குத்தான் வலுவூட்டிய கலவைகள். டிஇசட்எம் என்பது மாலிப்டினத்தோடு 0.5 சதவீதம் டைட்டானியம், 0.08 சதவீதம் சிர்க்கோனியம், துளி கார்பன் சேர்ந்தது. இன்னொரு வகையில் லாந்தனம் ஆக்சைடு துகள்கள் இருக்கும். உலோகம் வளைய, படிகத்துக்குள் டிஸ்லொகேஷன் எனும் கோட்டுப் பிழைகள் நகர வேண்டும். நுண்துகள்கள் அவற்றை மறிக்கின்றன. ஆனால் அதிக வெப்பத்தில் அணுக்களே இடம் மாறுவதால், அந்தக் கோடு துகளின் மேல் ஏறித் தாண்டப் பார்க்கும். ஆக்சைடு துகள் என்றால், தாண்டிய பிறகும் அந்தக் கோட்டுப் பிழையை எளிதில் விடாது.

கவனிக்க வேண்டியது இங்கேதான். இந்தப் பிடி இருக்கும்வரை க்ரீப் மிகக் குறைவு. அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் வேகம் செங்குத்தாக ஏறும். தூய உலோகத்தில் க்ரீப் வேகம் பெரும்பாலும் அழுத்தத்தின் ஐந்தாம் அடுக்கையொட்டி ஏறும்: சுமை 10 சதவீதம் கூடினால் வேகம் ஏறக்குறைய 1.6 மடங்கு. துகள் வலுவூட்டிய கலவையில் அந்த அடுக்கு 20 வரைகூடப் போகலாம். அப்போது அதே 10 சதவீதத்துக்கு வேகம் ஆறு மடங்குக்கும் மேல்.

ஓர் ஆலையில் தூய மாலிப்டினச் சட்டத்தை எடுத்துவிட்டு டிஇசட்எம் போட்டோம். "இது பலமானது" என்று நம்பிய ஊழியர்கள் தட்டுகளைக் கூடுதலாக அடுக்கினார்கள். சில வாரங்களில் புதுச் சட்டமும் தொய்ந்தது. எச்சரிக்காமல் விட்டது என் தவறு. இப்போது சட்டத்தோடு அனுமதிக்கும் எடையையும் எழுதிக் கொடுக்கிறேன்.

கழற்றிய பழைய சட்டத்தை ஒருவர் சுத்தியலால் நிமிர்த்தப் பார்த்தார், இரண்டாக உடைந்தது. நீண்ட சூட்டில் மறுபடிகமான (உள்ளே படிகங்கள் புதிதாக உருவான) மாலிப்டினம் அறை வெப்பத்தில் நொறுங்கக்கூடியது. தொய்ந்த சட்டத்தைத் தட்டி நிமிர்த்தாதீர்கள், மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு பராமரிப்பின்போதும் நேர்கோல் வைத்துத் தொய்வை மில்லிமீட்டரில் குறித்து வையுங்கள். முந்தைய அளவைவிட வேகமாகக் கூடினால் முதலில் தட்டின் எடையைப் பாருங்கள்.