பாலை நிறுத்தியாச்சு, பருப்பை நிறுத்தியாச்சு... அப்புறம்?

"எண்டோஸ்கோப்பி நார்மல், ஸ்கேன் நார்மல், ரத்தம் நார்மல். ஆனா வயிறு வலிக்குதே?" குடல் நோய்ப் பிரிவிலிருந்து உணவு ஆலோசனைக்காக என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் "எல்லாம் உன் மனப்பிரமை" என்று சொல்லியிருப்பார்கள். பிரமையே கிடையாது. ஐ.பி.எஸ். (Irritable Bowel Syndrome, எரிச்சல் குடல் நோய்) என்ற இந்தக் கோளாறில் குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது, அதனால் கேமராவிலும் ஒன்றும் தெரியாது. கோளாறு இருப்பது குடல் அசைகிற விதத்திலும், அதன் நரம்புகளின் கூருணர்விலும், குடலும் மூளையும் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பிக்கொள்ளும் முறையிலும். இன்னொருவருக்குத் தெரியாமலே கடந்துபோகும் கொஞ்சம் வாயு இவர்களுக்கு வலியாக உறைக்கிறது.

மருத்துவர்கள் இதை உறுதிசெய்ய 2016-இல் வெளியான ரோம் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். தொந்தரவு தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். கடைசி 3 மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி வந்திருக்க வேண்டும். அதோடு, மலம் கழிக்கும்போது வலி கூடுவது அல்லது குறைவது, போகும் தடவைகள் மாறுவது, மலத்தின் பதம் மாறுவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், ரத்தசோகை, குடும்பத்தில் குடல் புற்றுநோய், 50 வயதை ஒட்டிப் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் கை வைத்தியத்தை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். நம் நாட்டில் குடல் காசநோயும் இப்படிச் சாதாரண வயிற்று வலியாகத் தலைகாட்டும்.

சரி, ஐ.பி.எஸ்.தான் என்று உறுதியாகிவிட்டது. பெரும்பாலோர் அடுத்துச் செய்வது, ஒவ்வொரு உணவாக நிறுத்துவது. பால் போகும், பருப்பு போகும், காரம் போகும், பழம் போகும். அப்படி எல்லாவற்றையும் கழித்துவிட்டு வந்த பெண்மணி ஒருவர் இருந்தார். மிஞ்சியது காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், இரவில் சப்பாத்தி. உடம்பு இளைத்துவிட்டது. உப்புசம் மட்டும் குறையவே இல்லை. ஒரு நோட்டில் சாப்பிட்டதையும் வலி வந்த நேரத்தையும் எழுதிவரச் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சில மணி நேரத்தில் ஒரு முறை, இரவு படுக்கப் போகும்போது ஒரு முறை வயிறு ஊதியிருந்தது. "ரசம் எப்படி வைப்பீங்க?" என்று கேட்டேன். வாயுவுக்கு நல்லது என்று ஏழெட்டுப் பல் பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்கவிடுவாராம். எதை மருந்தாக நினைத்தாரோ அதுவும், இரவில் "லைட்டா இருக்கட்டும்" என்று சாப்பிட்ட கோதுமையும்தான் அவரைப் படுத்திக்கொண்டிருந்தன. எந்தத் தொந்தரவும் தராத அரிசிச் சோற்றை அவர் இரவில் பயந்து ஒதுக்கியிருந்தார்.

காரணம் இதுதான். வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றில் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. மனிதக் குடலில் அதை உடைக்கும் நொதி கிடையாது, யாருக்குமே. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாவால் புளித்து வாயுவாகிறது. பருப்பு, கொள்ளு, ராஜ்மாவில் இருக்கும் வேறொரு சர்க்கரையும், பாலின் லாக்டோஸும், மாம்பழம், தர்பூசணி, தேனில் மிகுதியாக உள்ள ஃப்ரக்டோஸும், காலிஃபிளவர், காளானில் உள்ள பாலியால்கள் என்ற சர்க்கரை ஆல்கஹால்களும் சிலருக்கு இதே வேலையைச் செய்யும். இவை அனைத்தையும் சேர்த்து ஃபோட்மேப் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இவற்றைக் குறைத்து உண்ணும் முறையை வகுத்தார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த முறையில் நிறுத்துவது 2 முதல் 6 வாரம் வரைதான். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்து, எது ஒத்துக்கொள்கிறது, எவ்வளவு வரை ஒத்துக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியமான பாதி. இணையத்தில் பட்டியலைப் பார்த்து நிறுத்துகிறவர்கள் இந்தப் பாதிக்கு வருவதே இல்லை. இதே சர்க்கரைகள்தான் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவுக்கும் உணவு. மாதக்கணக்கில் ஒதுக்கினால் அவை குறைகின்றன, கால்சியமும் புரதமும் குறைகின்றன, சாப்பாட்டைப் பார்த்தாலே பயம் வந்துவிடுகிறது.

நம் சமையலில் இதைச் செய்வது அவ்வளவு கஷ்டமில்லை. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எனவே பூண்டை எண்ணெயில் வதக்கி வாசனை இறங்கியதும் எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் தாளிக்கலாம். ரசத்தில் கொதிக்கவிட்டு அப்புறம் பூண்டை எடுத்துப் போடுவதில் பயனில்லை, அதற்குள் எல்லாம் ரசத்தில் இறங்கியிருக்கும். சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயம் போலத்தான். வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியைப் போடலாம். சீரகம், மிளகு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் இருக்கும்போது ரசம் ருசியாகவே இருக்கும். கடலை, பயறு வகைகளை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். சாம்பாருக்குத் துவரைக்குப் பதில் கொஞ்சம் பாசிப்பருப்பு போட்டுப் பாருங்கள். பப்பாளி, ஆரஞ்சு, அதிகம் கனியாத வாழைப்பழம் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கின்றன.

'இயற்கை வைத்தியம்' என்ற பெயரில் விற்கும் பொடிகளைப் பற்றி எனக்கு உண்மையாகவே கவலை இருக்கிறது. நிலவாகை குடலைத் தூண்டி இயக்கும் மலமிளக்கி. கடுக்காயும் திரிபலாவும் இளக்கும் குணம் உள்ளவை. அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறவர் "குடலைச் சுத்தம் செய்யணும்" என்று தினமும் இரவில் இவற்றைச் சாப்பிட்டால் தொந்தரவு கூடத்தான் செய்யும். கற்றாழைச் சாறும் ஐ.பி.எஸ்.காரர்களுக்கு வேண்டாம் என்பதுதான் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல்.

நல்ல சான்றுள்ள இயற்கைப் பொருளும் இருக்கிறது. இசப்கோல் உமி, அதாவது கரையும் நார்ச்சத்து. ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்த உடனே குடித்துவிட வேண்டும். சில நாள் கழித்து மெதுவாகக் கூட்டலாம். வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். கோதுமைத் தவிடு இதற்கு மாற்று ஆகாது, பலருக்கு அது வலியைக் கூட்டுகிறது. இன்னொன்று பெப்பர்மின்ட் எண்ணெய். அதில் உள்ள மென்தால் குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. வயிற்றைத் தாண்டிச் சிறுகுடலில் திறக்கும்படி பூச்சுப் போட்ட மாத்திரையாகவே எடுக்க வேண்டும், நெஞ்செரிச்சல் இருந்தால் மருத்துவரைக் கேட்டுத்தான். வீட்டுப் புதினாத் துவையல் ருசிக்கு நல்லது, அந்த மருந்தின் அளவு மென்தால் அதில் வராது.

வாழ்க்கை முறையில், நான் அதிகம் பார்க்கும் சிக்கல் கழிப்பறை பற்றிய பயம். பேருந்தில் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளியில் ஒழுங்கான கழிப்பறை இல்லாத ஆசிரியைகள், வழியில் அவசரம் வந்துவிடுமோ என்று காலையில் வெறும் காபியோடு கிளம்பிவிடுகிறார்கள். மூன்று மணிக்குப் பசியில் ஒரே மூச்சாகச் சாப்பிடுகிறார்கள். வெறும் வயிற்றுக் காபியே குடலைக் கிளப்பிவிடும், பிறகு வரும் பெரிய சாப்பாடும் அதையே செய்யும். அரை மணி நேரம் முன்னதாக எழுந்து, ரெண்டு இட்லி சாப்பிட்டு, வீட்டிலேயே நிதானமாகக் கழிப்பறைக்குப் போய்விட்டுக் கிளம்புங்கள். காபி, டீ ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்குக் கீழே ஒரு முக்காலி போட்டால் குந்தி உட்காரும் நிலை கிடைக்கும், மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு இது நன்றாக உதவும்.

நடையும் மருந்துதான். ஸ்வீடனில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், 12 வாரம் உடற்பயிற்சியைக் கூட்டியவர்களுக்குத் தொந்தரவு குறைந்தது. பரீட்சை, கடன், வீட்டுச் சண்டை என்று மனம் இறுகினால் குடலும் இறுகும், அதனால் மனநல ஆலோசகரிடம் அனுப்பினால் "பைத்தியம்னு நினைக்கிறாங்களா" என்று கோபப்படாதீர்கள். இந்தக் கோளாறுக்கு அதுவும் நேரடியான சிகிச்சை.

அந்தப் பெண்மணி பூண்டையும் கோதுமையையும் சில வாரம் விட்டார், வயிறு அடங்கியது. பிறகு திருப்பிச் சேர்க்கத் தொடங்கினோம். ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டும், மூன்று நாள் அளவைக் கூட்டிக்கொண்டே, இடையில் ஓரிரு நாள் ஓய்வு. பாலும் பருப்பும் பிரச்சினையே இல்லை என்று தெரிந்தது, ஆண்டுக்கணக்கில் வீணாக விட்டிருந்தார். ஒரு சப்பாத்தி தாங்குகிறது, மூன்று தாங்கவில்லை. இப்போது இரவில் சோறு, சாம்பார், மோர். பூண்டு எண்ணெயில் மட்டும்.