தை மாசத்தில் சிவக்கும் வாதாமரம்

பரமக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் நாத்தனார் குடும்பம் அமெரிக்காவில் வெர்மான்ட் பக்கம் இருக்கிறது. அக்டோபர் வந்தால் போதும், மலை முழுக்கச் சிவப்பும் ஆரஞ்சுமாக இலைகள் நிற்கும் படங்களை அனுப்பிவிடுவார்கள். என் பிள்ளைகள் 'நம்ம ஊர்ல ஏம்மா இப்படி இல்ல?' என்று நச்சரிக்கிறார்கள். ஒரு சனி, ஞாயிறு குடும்பத்தோடு போய்ப் பார்க்க நம் பக்கத்தில் ஏதாவது இடம் உண்டா? இலை ஏன் நிறம் மாறுகிறது என்பதையும் எழுதுங்கள், அவர்களுக்குப் படித்துக் காட்டுகிறேன்."

இடம் இருக்கிறது. இராமநாதபுரம் கடற்கரையிலேயே இருக்கிறது. அக்டோபரில் மட்டும் போகாதீர்கள். அது நமக்கு மழைக்காலத்தின் தொடக்கம், இலைகள் தழைக்கிற நேரம். நம் நிறங்கள் தை, மாசியில்தான் வரும்.

ஏன் இந்த வித்தியாசம்? வெர்மான்ட் ஏறத்தாழ 44 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே கோடையின் மிக நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலுக்கும் ஆறு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு. பகல் சுருங்குவதை வைத்தே மரம் குளிர் வருவதைத் தெரிந்துகொள்கிறது. இராமநாதபுரம் 9 பாகை சொச்சத்தில் இருக்கிறது, இங்கே அந்த வேறுபாடு ஒரு மணி நேரம்தான். நம் மரங்களுக்குச் சேதி சொல்வது பெரும்பாலும் தண்ணீர். வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்து, மண் காயத் தொடங்கியதும் இலைகளைத் தக்கவைப்பது மரத்துக்குக் கட்டுப்படியாகாது. ஒவ்வொரு இலையும் நாள் முழுக்க நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும் அல்லவா? அதனால் சில மரங்கள் உதிர்த்துவிடுகின்றன. இதில் நம் கடற்கரையின் ராணி வாதாமரம். பாதாம் மரம், நாட்டு வாதுமை என்றும் சொல்வார்கள். பள்ளிக்கூட வளாகங்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் குடை விரித்தாற்போல் அடுக்கடுக்காகக் கிளை பரப்பி நிற்கும். கொட்டையைக் கல்லில் வைத்து உடைத்துப் பருப்புத் தின்னாத பிள்ளை இந்தக் கரையில் இருக்க முடியாது. உதிரும் முன் அதன் இலைகள் சிவப்பது எந்த வெர்மான்ட் மேப்பிள் மரத்துக்கும் குறைந்ததல்ல.

நிறம் மாறிக்கொண்டிருக்கும் ஒரு வாதா இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு சாணுக்கு மேல் நீளம். இலை முழுவதும் ஒரே நேரத்தில் மாறுவதில்லை. நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதிதான் முதலில் மஞ்சளாகிச் சிவக்கிறது. நடு நரம்பையும் கிளை நரம்புகளையும் ஒட்டிய ஓரங்களில் பச்சை கடைசிவரை மெல்லிய கோடாக நிற்கிறது. இலைக்குள் ஒரு பெரிய வெளியேற்றம் நடந்துகொண்டிருக்கிறது. சரக்கு போகும் பாதை நரம்பு, பாதையோரச் செல்கள் கடைசிவரை வேலை பார்த்தாக வேண்டும்.

என்ன சரக்கு? முக்கியமாக நைட்ரஜன். நம் மணற்பாங்கான கடற்கரை மண்ணில் மரத்துக்கு அரிதாகக் கிடைப்பது அது. இலையின் நைட்ரஜனில் பெரும்பகுதி பசுங்கணிகத்துக்குள், ஒளிச்சேர்க்கையை நடத்தும் புரதங்களில் முடங்கிக் கிடக்கிறது. உதிர்ப்பதற்கு முன் இந்தப் புரதங்களை உடைத்து, அமினோ அமிலங்களாக்கி, கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது மரம். தாவரங்கள் பொதுவாக இலையிலுள்ள நைட்ரஜனில் பாதியையாவது இப்படி மீட்டுவிடுகின்றன.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. அந்தப் புரதங்களில் பல பச்சையத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவை. பச்சையம் ஒளியைக் குடிப்பதற்கென்றே அமைந்த மூலக்கூறு. புரதத்தோடு இணைந்திருக்கும்வரை, குடித்த ஆற்றலைச் சரியான இடத்துக்குக் கைமாற்றிவிடும். புரதத்தை உடைத்துப் பச்சையத்தை அனாதையாக விட்டால், அது வெயிலை வாங்கி அருகிலிருக்கும் ஆக்சிஜனிடம் கொடுத்துவிடும். அப்படி ஆற்றலேறிய ஆக்சிஜன் செல்லின் சவ்வுகளைத் தாக்கிக் கொன்றுவிடும். செல் செத்தால் நைட்ரஜனை ஏற்றுமதி செய்ய ஆளில்லை. பழைய விசைப்படகை உடைக்கிறவர்கள் முதலில் டீசல் தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் மற்றதில் கைவைப்பார்கள். மரமும் அப்படித்தான் பச்சையத்தை முதலில் செயலிழக்க வைக்கிறது. பச்சையத்திலிருந்து மரம் எதையும் பெரிதாக மீட்பதில்லை என்பதுதான் வியப்பு. ஒரு பச்சைய மூலக்கூறில் நான்கு நைட்ரஜன் அணுக்கள் உண்டு. அவை நான்கும் இலையோடு கீழே விழுந்துவிடுகின்றன. புரதத்தைப் பத்திரமாக எடுப்பதற்காக மட்டுமே இத்தனை பாடு.

முதல் வேலை, பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் மக்னீசியம் அணுவைப் பிடுங்குவது. இதைச் செய்யும் நொதியை நீங்கள் எல்லோரும் பத்தாம் வகுப்பிலேயே, பெயர் தெரியாமல், சந்தித்திருக்கிறீர்கள். மெண்டல் 1866 இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில் மஞ்சள் விதை ஓங்கு பண்பு, பச்சை விதை ஒடுங்கு பண்பு என்று படித்தோமே, அந்த மரபணுவேதான். விதை முதிரும்போது அந்த மரபணு சரியாக வேலை செய்தால் பச்சையம் சிதைந்து பட்டாணி மஞ்சளாகும். பழுதாகியிருந்தால் பச்சையம் அப்படியே தங்கி, காய்ந்த பிறகும் பட்டாணி பச்சையாகவே இருக்கும். இந்த மரபணு எது என்று 2007 இல்தான் கண்டுபிடித்தார்கள். அது உண்டாக்கும் புரதத்தின் வேலை மக்னீசியத்தை நீக்குவதுதான் என்று ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தினர் 2016 இல் காட்டினார்கள். கடற்கரையில் சுண்டல் விற்பவரின் தூக்கிலிருக்கும் மஞ்சள் பட்டாணியும் வாதாமரத்தின் மஞ்சள் இலையும் ஒரே வேலையின் விளைவு! நூற்றைம்பது ஆண்டுகளாகப் பாடப் புத்தகத்தில் இருந்த ஒரு பண்புக்குள் இது ஒளிந்திருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

மக்னீசியம் போனபின், பச்சையத்தின் வளையத்தை இன்னொரு நொதி ஆக்சிஜனைக் கொண்டு வெட்டித் திறக்கிறது. நம் உடம்பில் அடிபட்ட இடம் கன்றி, சில நாட்களில் பச்சை, மஞ்சள் என்று மாறுவதும் இதே வகை வேதியியல்தான். ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமும் இலையின் பச்சையமும் ஒரே வளைய அமைப்பைச் சேர்ந்தவை, இரண்டையும் வளையத்தைத் திறந்துதான் ஒழிக்க வேண்டியிருக்கிறது. திறந்த துண்டுகள் செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பைக்குள் நிறமில்லாத கழிவாகச் சேர்ந்துவிடுகின்றன. நிறமில்லாததால்தான் அவை வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை. உலகில் ஆண்டுதோறும் சுமார் 100 கோடி டன் பச்சையம் இப்படிச் சிதைகிறது என்பது மதிப்பீடு. அது எதுவாக மாறுகிறது என்பதற்கு முதல் தெளிவான விடை 1991 இல்தான், வாடிய பார்லி இலையிலிருந்து கிடைத்தது. தாவர நிறமி ஆய்வுக்காக, குறிப்பாகப் பச்சைய ஆய்வுக்காக, ஜெர்மன் வேதியியலாளர் வில்ஸ்டாட்டருக்கு நோபல் பரிசு கொடுத்தது 1915 இல். இடையில் எழுபத்தாறு ஆண்டுகள். நிதி கேட்கும் விண்ணப்பங்களில் "இந்த ஆய்வால் உடனடிப் பயன் என்ன?" என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தை வைத்துப் பணம் கொடுத்தால், வாடிய இலையைப் பார்க்க யாருக்கும் ஒரு காசு கிடைக்காது. அடிப்படை ஆய்வுக்குக் காரணம் கேட்காமல் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிதைவின் நடுக்கட்டத்தை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். பழுத்த வாழைப்பழத்தை இருட்டறையில் வைத்து, கள்ளநோட்டுப் பார்க்கும் புறஊதா விளக்கை அடியுங்கள், தோல் நீலமாக ஒளிரும். காய் ஒளிராது. பச்சையம் உடைந்து வந்த துண்டுகள்தான் அந்த நீலம் என்று 2008 இல் கண்டறிந்தார்கள். கரும்புள்ளியைச் சுற்றி நீலம் இன்னும் பளிச்சென்று வளையமாகத் தெரியும். புள்ளி விழுந்த பழத்தில் புற்றுநோயை அழிக்கும் டிஎன்எஃப் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை மட்டும் நம்பாதீர்கள். அது நம் நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் புரதம், வாழைப்பழத்தில் கிடையாது. இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்கள் இருப்பார்களோ என்ற கவலையில்தான் சொல்கிறேன்.

பச்சை விலகினால் கீழே ஏற்கெனவே இருந்த கரோட்டினாய்டு என்ற நிறமிகள் மஞ்சளாக வெளியே தெரியும், இது பள்ளிப் பாடம். சிவப்பு அப்படியல்ல. சாகப்போகிற இலை செலவு செய்து புதிதாகத் தயாரிக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி அது. எதற்கு இந்தச் செலவு? பச்சையத்தைப் பிரித்தெடுக்கும் ஆபத்தான நாட்களில் வெயிலை மட்டுப்படுத்தும் திரை அது என்பது ஒரு விளக்கம். "நான் திடமான மரம், இங்கே முட்டையிடாதே" என்று பூச்சிகளுக்கு விடும் எச்சரிக்கை என்று ஹாமில்டன், பிரவுன் என்ற உயிரியலாளர்கள் 2001 இல் வாதிட்டார்கள். விவாதம் முடியவில்லை. தை மாச வெயிலில் வாதாமரத்தடியில் நிற்கிற எனக்கு முதல் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

வாதாமரத்தோடு நம் கரையின் சிவப்பு முடிந்துவிடாது. உப்பளங்களை ஒட்டிய வெட்டவெளியில் தரையோடு தரையாக வளரும் உமரியைப் பார்த்திருப்பீர்கள். குட்டைக் குட்டையாக, சதைப்பற்றான இலைகளோடு இருக்கும். மழை நின்று தண்ணீர் வற்றி மண்ணில் உப்பேற ஏற, அது பச்சையிலிருந்து செம்பழுப்புக்கும் குங்குமச் சிவப்புக்கும் மாறும். கண்ணுக்கு வாதா இலையின் சிவப்பு போலவே தெரியும், வேதியியல் முற்றிலும் வேறு. இது பீட்டாலைன் என்ற வேறொரு நிறமி. பீட்ரூட், செங்கீரை, காகிதப்பூ, சப்பாத்திக்கள்ளிப் பழம் எல்லாம் இந்தக் கட்சி. செம்பருத்தி, சங்குப்பூ, நாவற்பழம், வாதா இலை எல்லாம் ஆந்தோசயனின் கட்சி. இரண்டையும் சேர்த்துத் தயாரிக்கும் செடி ஒன்றுகூட இயற்கையில் இதுவரை கிடைக்கவில்லை. பிள்ளைகளிடம் செம்பருத்திச் சாற்றையும் பீட்ரூட் சாற்றையும் கொடுத்து, இரண்டிலும் சிறிது சமையல் சோடா போடச் சொல்லுங்கள். செம்பருத்தி நிறம் மாறி நீலப்பச்சைப் பக்கம் போகும், பீட்ரூட் அசையாது.

காரங்காட்டு அலையாத்திக் காட்டிலும் மஞ்சள் இலைகளைக் காண்பீர்கள். மரம் உப்பையெல்லாம் ஒரு கிழ இலைக்குள் தள்ளி, அதைப் பலிகொடுத்து உதிர்க்கிறது என்று ஒரு கதை எங்கும் சொல்லப்படுகிறது. அழகான கதை, ஆனால் அளந்து பார்த்தவர்களுக்கு மஞ்சள் இலையில் உப்புச் செறிவு தனியாகக் கூடியிருப்பதாகத் தெரியவில்லை. அலையாத்தி உப்பை வெளியேற்றும் உண்மையான வழி இலையிலேயே இருக்கும் உப்புச் சுரப்பிகள். காய்ந்த நாளில் இலையைத் தடவினால் விரலில் உப்புப் பொடி ஒட்டும், நாக்கில் வைத்தால் கரிக்கும்.

இத்தனை இருந்தும், நம் கரையில் எந்த வாதாமரம் எந்தத் தேதியில் சிவந்தது என்று ஆண்டுக்காண்டு எழுதிவைக்கும் வழக்கம் நம்மிடம் வேர்விடவில்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆய்வு நிலையம் இருக்கிறது, தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் வளாகம் இருக்கிறது. கரைமேல் நிற்கும் மரங்களுக்கும் ஒரு நோட்டுப் போடலாம். சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டத்தில் கேரளப் பள்ளிப் பிள்ளைகள் வாராவாரம் மரங்களைக் கவனித்துப் பதிகிறார்கள். நம் மாவட்டப் பள்ளிகளும் சேரலாம், செலவே இல்லை.

சரி, பயணம். பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு வைத்துக்கொள்ளுங்கள். தை அமாவாசையை ஒட்டிய நாட்கள் வேண்டாம், இராமேசுவரம் சாலையே நகராது. சனி காலையில் காரங்காடு. வனத்துறை ஏற்பாட்டில் ஊர்மக்களே படகில் அலையாத்திக்குள் கூட்டிப்போவார்கள். அங்கிருந்து தேவிபட்டினம் வழியாகத் தெற்கே இறங்கி, மாலை வெயிலுக்கு வாலிநோக்கம் உப்பளப் பக்கம். சாய்ந்த வெயிலில்தான் உமரியின் சிவப்பு எடுப்பாக இருக்கும். சேற்றில் கால் புதையும், பழைய செருப்பு போதும். வழியில் எந்த ஊரில் சிவந்த வாதாமரம் தெரிந்தாலும் வண்டியை நிறுத்துங்கள். ஒரே கிளையிலிருந்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று உதிர்ந்த இலைகளைப் பிள்ளைகளைப் பொறுக்கச் சொல்லி, நரம்போரப் பச்சை எந்தக் கட்டத்தில் மறைகிறது என்று வரிசையாக வைத்துப் பார்க்கலாம்.

ஞாயிறு தனுஷ்கோடி. அங்கே 2025 ஜூனில் அரசு பூநாரைச் (ஃபிளமிங்கோ) சரணாலயம் அறிவித்தது, குளிர்கால மாதங்களில் பூநாரைகள் ஆழமில்லாத நீரில் கூட்டமாக நிற்கும். பூநாரையின் இளஞ்சிவப்பு, அது தின்னும் பாசியிலிருந்தும் சின்னஞ்சிறு இறால்களிலிருந்தும் உடம்பில் சேரும் கரோட்டினாய்டு. வாதா இலையில் மஞ்சளாகத் தெரிந்த அதே நிறமிக் குடும்பம். இளம் பறவைகள் சாம்பல் நிறத்தில் இருப்பது இன்னும் அந்த அளவுக்குச் சாப்பிட்டுச் சேர்க்காததால். தூரத்திலிருந்தே பாருங்கள், கிட்டே போனால் கூட்டமாகப் பறந்துவிடும். மாலையில் அந்தச் சாலையை மூடிவிடுவார்கள் என்பதால், காலையில் இட்லியைக் கட்டி எடுத்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிடுங்கள்.