ஆரத்தித் தட்டும் சொப்பு வைத்தியரும்

"குங்குமம் போடாமலே ஆரத்தித் தண்ணி எப்படிச் செவக்குது?" பாளையங்கோட்டையிலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டிருக்கிறாள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்வதால்தான். மஞ்சள் ஒரு நிறங்காட்டி, காரம் பட்டால் சிவக்கும். இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஏன் சிவக்கிறது என்பதில்தான் அழகு.

மஞ்சளின் நிறப்பொருள் குர்குமின். இந்த மூலக்கூறுக்கு இரண்டு முனையிலும் ஒவ்வொரு வளையம், நடுவே ஒரு சங்கிலி. எலக்ட்ரான்கள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பரவி நிற்கின்றன. சாதாரணமாக இது ஊதா, நீல ஒளியை விழுங்கிவிடும். மிஞ்சியது கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும். காரம் வந்ததும் வளையத்திலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியிலிருந்து ஹைட்ரஜன் அயனி கழன்றுபோகிறது. அது விட்டுச்சென்ற எலக்ட்ரான்களும் பொதுக்கூட்டத்தில் சேர, அவற்றைத் தூண்ட முன்னைவிடக் குறைந்த ஆற்றலுள்ள ஒளியே போதுமானதாகிறது. விழுங்கும் ஒளி பச்சைப் பக்கம் நகர, மிஞ்சுவது சிவப்பு. தண்ணீரில் கரையாமல் மஞ்சள்தூளோடு அடியில் தங்கும் குர்குமினும், மின்சுமை ஏறியதால் இப்போது கரையத் தொடங்கும்.

இதை வீட்டில் வைத்தியர் விளையாட்டாக ஆடலாம். அம்பாசமுத்திரம் மரச் சொப்புகளை எடுக்க வேண்டாம். அவற்றின் மேல்பூச்சு அரக்கு, அது காரத்தில் கரையும். எவர்சில்வர் கிண்ணங்களே நோயாளிகள்: பச்சைத்தண்ணி, புளித்தண்ணி, மோர், எலுமிச்சைச் சாறு, சோப்புத் தண்ணி, அடுப்புச் சாம்பல் ஊறவைத்துத் தெளிந்த தண்ணி. அரை ஸ்பூன் மஞ்சள்தூளை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் குழைத்து வெள்ளைத்தாளில் பூசி, நிழலில் காயவைத்து, துண்டுகளாக நறுக்கினால் சோதனைத் தாள் தயார். வெயிலில் காயவைத்தால் நிறம் வெளுத்துவிடும்.

சோப்புத் தண்ணியும் சாம்பல் தண்ணியும் தாளைச் சிவக்க வைக்கும். புளித்தண்ணியில் ஒன்றும் நடக்காது, பச்சைத்தண்ணியிலும் நடக்காது. "ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல" என்று வைத்தியர் அனுப்பிவிடுவார். திருத்த வேண்டாம். சோப்புத் தண்ணியில் சிவந்த தாளை, ஈரம் காயுமுன், கையில் கொடுங்கள். அதில் புளித்தண்ணி ஒரு சொட்டு விழுந்ததும் அந்த இடம் மட்டும் மஞ்சளுக்குத் திரும்பும். பச்சைத்தண்ணி பட்டால் சிவப்பு அப்படியே நிற்கும். மஞ்சள் தாள் காரத்தைப் பிடிக்கும், சிவந்த தாள் அமிலத்தைப் பிடிக்கும். பிள்ளை தானே கண்டுபிடிக்க வேண்டிய இடம் இதுதான்.

அடுத்து மருந்து கொடுத்தல். ஆப்பச்சோடா சிவப்பை நன்றாக ஏற்றாது, காரத்தன்மை போதாது. அரை ஸ்பூன் சோடாவை ஒரு டம்ளர் தண்ணீரில் பெரியவர்கள் பத்து நிமிடம் கொதிக்க வைத்தால், கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சோடாவிலுள்ள பைகார்பனேட் காரம் கூடிய கார்பனேட்டாக மாறும். ஆறியபின் அதில் ஒரு ஸ்பூன் எடுத்து, கால் ஸ்பூன் மஞ்சள்தூள் கலந்த அரை டம்ளர் தண்ணீரில் விட்டால் சிவக்கும். இனி மை நிரப்பும் குழாயால் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டு சொட்டாக விட்டு, மஞ்சள் திரும்பும்வரை எண்ணச் சொல்லுங்கள். மோரை வைத்து மறுபடி எண்ணினால் கணக்கு எங்கோ போய்விடும். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு ஆய்வகத்தில் செய்யும் தரம்பார்த்தல் இதேதான். ஆற அமரச் செய்தால் மட்டும் ஏமாற்றும்: காரத்தில் குர்குமின் நிலைக்காது, சிதைந்து பழுப்பாகும், பிறகு எலுமிச்சை விட்டாலும் பழைய மஞ்சள் வராது.

ஆச்சியின் வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது. கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஆரத்தி எடுப்பதில் எந்தக் குறையும் இல்லை, அழகான வழக்கம். ஆனால் மஞ்சள் தடவிய எலுமிச்சம்பழத்தைச் சுண்ணாம்புக் கையால் தொட்டுச் சிவக்க வைத்து, "செய்வினை" என்று பயங்காட்டிக் காசு பிடுங்குவது கொடுமை. தாளைச் சிவக்க வைத்துப் பார்த்த பிள்ளை அங்கே, "கையில என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்கும்.

விளையாட்டு முடிந்து பாவாடையில் மஞ்சள் கறை இருந்தால், சோப்புப் போட்டதும் அதுவும் சிவக்கும். பதற வேண்டாம். நன்றாக அலசினால் மஞ்சளாகும், இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டால் அதுவும் மங்கிவிடும்.