அப்புச்சி கொட்டாவி விட்டா எனக்கு ஏன் வருது?

போன வாரம் கோபில அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன், அம்மா அப்பாவும் வந்திருந்தாங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டு எல்லாரும் திண்ணைல உக்காந்திருக்கோம், கயித்துக்கட்டில்ல சாஞ்சிருந்த எங்கப்பா ஆஆஆனு ஒரு கொட்டாவி விட்டாரு பாருங்க, கண்ணோரத்துல தண்ணியே வந்துருச்சு, கொஞ்ச நேரத்துல அக்காவுக்கு வந்துச்சு, பொறவு எனக்கு, பொறவு ரெண்டாவது படிக்கற அக்கா பொண்ணுக்கு. அவ வாயை மூடுனதும் கேட்டா, "மாமா, அப்புச்சிக்குத்தான தூக்கம் வருது, எனக்கு எதுக்கு வாய் தொறக்குது?"

அன்னைக்கு அவளுக்குப் பாதிதான் சொன்னேன். மீதிய இங்க எழுதறேன், வீட்டுல குட்டிப் பசங்க இருந்தா படிச்சுக் காட்டுங்க.

எங்களுக்கு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தது, ரத்தத்துல ஆக்சிஜன் கொறைஞ்சு கார்பன் டை ஆக்சைடு கூடிப் போச்சுன்னா கொட்டாவி வரும்னு. இன்னைக்கும் நெம்பப் பேரு இதையேதான் சொல்றாங்க. ஆனா 1987லயே அமெரிக்காவுல ராபர்ட் ப்ரொவைன்னு ஒருத்தரு காலேஜ் பசங்களுக்கு சுத்தமான ஆக்சிஜன் குடுத்துப் பாத்துட்டாரு, கொட்டாவி கொறையல. கார்பன் டை ஆக்சைடு கலந்த காத்தைக் குடுத்தாரு, மூச்சு வாங்குச்சே தவிர கொட்டாவி கூடல. அதுக்கும் மேல, அம்மா வயித்துக்குள்ள இருக்கற பாப்பாவே கொட்டாவி விடுது, ஸ்கேன்ல பாத்திருக்காங்க. அங்க ஏதுங்க காத்து?

அப்ப எதுக்குத்தான் கொட்டாவி? இதுக்குப் பல பதில் இருக்கு, எல்லா விஞ்ஞானிகளும் ஒத்துக்கிட்ட ஒரே பதில்னு இல்ல, ஆனா எனக்கு நெம்பப் புடிச்சது ஆண்ட்ரூ கேலப்னு ஒரு ஆராய்ச்சியாளர் சொல்றது. சூடேறுன மூளையை ஆத்தறதுக்குத்தான் கொட்டாவிங்கறாரு.

நம்ம மூளை ஒடம்பு எடையில 2 சதவீதம்தான், ஆனா ஒடம்பு செலவு பண்ற சக்தியில 20 சதவீதம் அதுக்கே போயிருது. அவ்வளவு வேலை செஞ்சா சூடு வரத்தான செய்யும். ட்ராக்டர் ரேடியேட்டர் பாத்திருப்பீங்க, இன்ஜினைச் சுத்தி ஓடற தண்ணி சூட்டை வாங்கிட்டு ரேடியேட்டருக்கு வரும், அங்க ஃபேன் காத்து அதை ஆத்தும், ஆறுன தண்ணி திரும்ப உள்ள போகும். மூளைக்கு அந்தத் தண்ணி வேலையை ரத்தம் பாக்குது.

இப்பக் கண்ணாடி முன்னாடி நின்னு காதுக்கு முன்னால ரெண்டு பக்கமும் விரலை வெச்சுக்கிட்டு வாயைப் பெருசா தொறங்க. தாடையோட கீல் முன்னால நகந்து அங்க ஒரு குழி விழுகுதா? கொட்டாவில அந்தத் தாடையும் சுத்தி இருக்கற சதையும் முழுசா இழுபடறப்ப உள்ள இருக்கற ரத்தக் குழாயெல்லாம் அமுங்கி, ஈரத்துணியப் புழியற மாதிரி, சூடான ரத்தம் தலையில இருந்து கீழ எறங்குது. அதே நேரத்துல வெளிக்காத்து ஒரே இழுப்புல உள்ள வந்து வாய், மூக்கு, தொண்டையோட ஈரச் சுவரு மேல ஓடுது, மண்பானைத் தண்ணி எப்படி ஜில்லுனு ஆகுதோ அப்படியே அந்த ஈரம் காத்துல ஆவியாகறப்ப அங்க ஓடற ரத்தமும் குளிருது. கண்ணுல தண்ணி வர்றது எதுக்குன்னா, மூஞ்சிச் சதை இழுபட்டுக் கண்ணீர்ச் சுரப்பிய அமுக்கிருது, அவ்வளவுதான். இத்தனையும் சுமாரா 6 செகண்டுல முடிஞ்சு போகுது! எனக்கு இதை நெனைக்க நெனைக்க ஆச்சரியமா இருக்கு.

2007ல கேலப் ஒரு சோதனை பண்ணாரு. நெத்தியில குளுந்த ஒத்தடம் வெச்சவங்களுக்கு அடுத்தவங்க கொட்டாவி விடற வீடியோவைப் போட்டுக் காட்டுனா 100க்கு 9 பேருதான் விட்டாங்க, குளுமை இல்லாத ஒத்தடம் வெச்சவங்கள்ல 41 பேரு. பொறவு 2011ல அரிசோனா பாலைவன ஊரு டூசான்ல ரோட்டுல போறவங்ககிட்ட கொட்டாவிப் படத்தைக் காட்டிப் பாத்தாங்க, குளிர்காலத்துல 22 டிகிரில கிட்டத்தட்ட பாதிப் பேரு விட்டாங்க, கோடையில 37 டிகிரில கால்வாசி கூட இல்ல. ஏன்னா 37 டிகிரிக் காத்து நம்ம ஒடம்புச் சூடேதான், அதை இழுத்து எதை ஆத்தறது? வியன்னாவுல இதே சோதனை தலைகீழா வந்துச்சு, அங்க கோடை 20 டிகிரி பக்கம், அப்பத்தான் கொட்டாவி ஜாஸ்தி, உறையற குளிர்ல கொறைச்சல், மூளை ஏற்கனவே குளுந்து கெடக்கறதால தேவைப்படல.

இதைப் படிச்சப்ப எனக்கு நம்மூருதான் ஞாபகம் வந்துச்சு. மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர்தான், கீழ வேர்த்துக் கொட்டற அதே நாள்ல மேல ஸ்வெட்டர் போட்டுட்டுத் திரியறோம், ஈரோட்டுல சித்திரையில 40ஐத் தாண்டுது, கோயமுத்தூருல மார்கழிக் காலைல ஜில்லுனு இருக்குது. டூசான்லயும் வியன்னாவுலயும் ரெண்டு சீசனுக்குக் காத்திருந்து பண்ணதை நம்ம காலேஜ் பசங்க ஒரே நாள்ல ரெண்டு பஸ் ஸ்டாண்டுல நின்னு பண்ணலாம், வேண்டியது கொஞ்சம் போட்டோவும் ஒரு தெர்மாமீட்டரும் பஸ் காசும்தான். இத்தனை காலேஜ் இருக்கற கொங்கு நாட்டுல இதுக்குன்னு ஒரு சின்னத் தொகை ஒதுக்கக் கூடாதுங்களா? சின்னக் கேள்வினு தள்ளி விட்டுட்டா பசங்களுக்குக் கேள்வி கேக்கற பழக்கமே போயிரும்.

இன்னொன்னு மனசுல இருக்கறதைச் சொல்லிர்றேன். ஆறாவதுல கணக்குப் பீரியட்ல கொட்டாவி விட்டதுக்கு என்னை வெளிய வெயில்ல நிக்க வெச்சாங்க. மூளை முழிச்சுக்கப் பாடுபடற நேரத்துல புள்ளையைப் போயி வெயில்ல நிறுத்தலாமா? டீச்சருங்க தயவுசெஞ்சு ரெண்டு ஜன்னலைத் தொறந்து விடுங்க.

சரி, அக்கா பொண்ணு கேட்டது. கொட்டாவி தொத்திக்கறது நெசம். இத்தாலில 2011ல வந்த ஆராய்ச்சில, நெருக்கமானவங்ககிட்ட இருந்துதான் அதிகமாத் தொத்துதுன்னு கண்டாங்க, சொந்தக்காரங்க மொதல்ல, அடுத்தது ஃப்ரெண்ட்ஸ், தெரியாதவங்ககிட்ட இருந்து கம்மி. லண்டன்ல 2008ல 29 நாய்க்கு முன்னால ஒரு ஆளு கொட்டாவி விட்டாரு, 21 நாய் திருப்பி விட்டுச்சு! கூட்டமா வாழற ஒசுருங்க ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் உஷாராகிக்கத்தான் இப்படித் தொத்துதுன்னு கேலப் சொல்றாரு. ஆனா நாலஞ்சு வயசு ஆகறதுக்கு முன்னால கொழந்தைகளுக்கு இது தொத்தறது அபூர்வம். அன்னைக்குத் திண்ணைல எல்லாரும் விட்டோம், அவளோட ரெண்டு வயசுத் தம்பி மட்டும் எங்க வாயவே பாத்துட்டு உக்காந்திருந்தான்.

அவன் தானா ஒரு கொட்டாவி விட்டப்ப எங்கம்மா ஓடி வந்து வாய்க்கு முன்னால சொடக்குப் போட்டாங்க, இல்லாட்டி காத்து கருப்பு உள்ள போயிருமாம். அம்மாவோட பாசம் எனக்குப் புரியுது, ஆனா உள்ள போறது வெறும் காத்துதான்னு புள்ளைங்களுக்குச் சொல்லிரணும், பயத்தைக் குடுத்து வளத்தக் கூடாது.

இப்ப அக்கா பொண்ணு பழைய காலண்டர் தாள் பின்னாடி கோடு போட்டு எண்ணிட்டிருக்கா. நேத்துப் பொழுதோட போன்ல கணக்குச் சொன்னா: அப்புச்சி 11, அம்மாயி 7, அம்மா 6, தம்பி தானா விட்டது 4, மத்தவங்களப் பாத்து விட்டது ஒண்ணு கூட இல்ல.