மெலமைனில் 400 சதவீதப் புரதம்

“புரதம் சரியாக இருக்கிறது என்று ஆய்வகமே சொன்ன பால் பவுடரில் மெலமைன் எப்படி நுழைந்தது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2008-இல் சீனாவில் ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகளைப் பாதித்த விவகாரம் அது. சோதனை நடக்காமல் இல்லை. நடந்த சோதனைதான் கதவைத் திறந்துவிட்டது.

பாலில் தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறையும், லாக்டோமீட்டர் சொல்லிவிடும். உறைநிலையும் சுமார் −0.52 டிகிரியிலிருந்து பூஜ்யத்தை நோக்கி ஏறும். இதெல்லாம் பழைய கதை. தண்ணீரால் புரதமும் நீர்த்துப்போகுமே, அதை மறைக்கத்தான் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமைன்.

புரதத்தை அளக்க டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் மதுவாலை ஆய்வகத்தில் 1883-இல் ஒரு வழி கண்டுபிடித்தார் யோஹான் கெல்டால். மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் போட்டுக் கொதிக்க விடுவார்கள். முதலில் கன்னங்கரேலென்று கருகி நுரைக்கும். மணிக்கணக்கில் கொதித்தபின் கரி முழுதும் எரிந்து திரவம் தெளியும். புரதத்திலிருந்த நைட்ரஜன் இப்போது அம்மோனியம் சல்பேட்டாக நிற்கிறது. காரம் சேர்த்தால் அம்மோனியாவாகக் கிளம்பும். அதை போரிக் அமிலத்தில் பிடித்து, அடர்த்தி தெரிந்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தால் (டைட்ரேஷன்) நைட்ரஜனின் அளவு கிடைக்கும். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் 6.25-ஆல் பெருக்குகிறார்கள். பாலுக்கு 6.38.

எவ்வளவு அழகான முறை! ஆனால் இது புரதத்தைப் பார்ப்பதே இல்லை. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்ற அடையாளமெல்லாம் அமிலத்திலேயே அழிந்துபோகிறது. மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 66.6-ஐ 6.25-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 416 சதவீதப் “புரதம்”! பிளாஸ்டிக் செய்யும் பொருள், பாலைவிடச் சத்தானதாகக் கணக்கில் ஏறுகிறது.

இத்தனைக்கும் தடுக்கும் வழி எளிது. முதலில் ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைச் சேர்த்தால் புரதம் திரிந்து வெள்ளையாக அடியில் படியும். யூரியா, மெலமைன் போன்ற சிறு மூலக்கூறுகள் மேலே கரைசலிலேயே தங்கிவிடும். வடிகட்டிவிட்டு, படிந்ததை மட்டும் கெல்டாலுக்கு அனுப்பினால் போதும். ஒரு வடிகட்டல்தான் கூடுதல் வேலை. அதற்குச் செலவழிக்க யாருக்கும் மனமில்லை என்பது என் ஊகம். நைட்ரஜனுக்கு விலை வைத்தால் சந்தை நைட்ரஜனைத்தான் விற்கும்.

கலப்படப் பொருளைப் பெயர் சொல்லிப் பிடிக்க, மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும். மெலமைன் மூலக்கூறின் மேல் ஒரு புரோட்டான் ஏறினால் நிறை 127. அதைத் தனியே பிரித்து வாயு மூலக்கூறுகளோடு மோதவிட்டால் மெலமைனின் வளைய அமைப்பு உடைந்து 85, 68 என்ற துண்டுகள் வரும். 127-லிருந்து இந்த இரண்டும், உரிய விகிதத்தில், உரிய நேரத்தில் வந்தால் அது மெலமைன்தான். குழந்தை உணவுப் பவுடருக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம். அதற்கும் கீழே இந்தக் கருவி பார்க்கும். பாலை நகத்தில் விட்டுப் பார்க்கும் வாட்ஸ்அப் வித்தையெல்லாம் இங்கே செல்லாது.

உடற்பயிற்சி செய்வோர் வாங்கும் புரதப் பவுடரிலும் இதே ஓட்டைதான். அங்கே கலப்பது கிளைசின்; புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களில் மலிவான ஒன்று. கெல்டால் கணக்கில் 116 சதவீதம் காட்டும். விஷமில்லைதான், ஆனால் வாங்கியது புரதமும் இல்லை. இதைப் பிடிக்க, புரதத்தைச் சிதைக்காமலேயே, அதில் கோக்கப்படாமல் தனியாக இருக்கும் அமினோ அமிலங்களை மட்டும், கரைசலில் உள்ள பொருட்களைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் அளக்கிறார்கள். நல்ல மோர்ப்புரதத்தில் (whey) தனிக் கிளைசின் மிகச் சொற்பம். அது எகிறி நின்றால், யாரோ கொட்டியிருக்கிறார்கள்.