எழுத்து முடிந்தால் நீங்கள் திருமணமானவர்தான்

"எழுத்து மட்டும்தான் முடிஞ்சது மிஸ், கலியாணம் இன்னும் நடக்கேல்ல."

வெளிநாட்டுச் சம்பந்தம் பேசி முடித்துவிட்டு விசா விஷயமாக என்னிடம் வரும் திருகோணமலைக் குடும்பங்களில் அநேகம் பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். எழுத்து என்று அவர்கள் சொல்வது பதிவாளர் முன்னால் கையெழுத்து வைக்கும் விவாகப் பதிவை. போன கிழமையும் ஒரு தாய் இதையே சொன்னார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதுகிறேன்.

அந்தத் தாயின் மருமகன் கட்டாரில் வேலை செய்துகொண்டே கனடா நிரந்தர வதிவிடத்துக்குத் தொழில்திறன் வழியில் விண்ணப்பித்திருந்தார். அப்போது அவர் தனி ஆள். முடிவு வருவதற்குள் லீவில் ஊருக்கு வந்தார். இரண்டு வீட்டாரும் பேசி, பதிவாளரை வீட்டுக்கே கூப்பிட்டு எழுத்தை முடித்தார்கள். தாலிகட்டு பிறகு, பத்திரகாளி அம்மன் கோயிலில், பெடியன் கனடா போய் ஒரு நிலைக்கு வந்த பின் என்று ஏற்பாடு. பெடியனும் போய் இறங்கினார். விண்ணப்பத்தில் 'மணமாகாதவர்' என்று இருந்ததை யாரும் திருத்தவில்லை. இப்போது மனைவியை ஸ்பொன்சர் செய்யப் படிவம் நிரப்பினால், விவாகச் சான்றிதழில் உள்ள திகதி அவர் கனடாவில் இறங்கிய திகதிக்கு முந்தியது.

கனடாவின் விதி இதில் கடுமையானது. நிரந்தர வதிவிடம் கிடைத்த நேரத்தில் இருந்த கணவனையோ மனைவியையோ சொல்லாமல், அவர்கள் பரிசீலிக்கப்படாமல் விட்டால், பின்னர் அவரைக் குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்ய முடியாது. விண்ணப்பித்த அன்று தனி ஆள்தானே என்ற சமாதானம் எடுபடாது. இறங்கும் நாள்வரை ஏற்படும் மாற்றம் எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும். 2019இல் ஒரு தற்காலிகச் சலுகை கொண்டு வந்தார்கள். ஆனால் அது அகதியாகவோ குடும்ப ஸ்பொன்சரிலோ போன சிலருக்குத்தான், இந்த மருமகனுக்கு உதவாது. மனிதாபிமான அடிப்படையில் கேட்கலாம். கிடைக்கும் என்று நானோ வேறு எவருமோ உறுதி சொல்ல முடியாது. உண்மையை மறைத்ததாகக் கண்டால் அவருடைய வதிவிடத்துக்கே ஆபத்து. அந்தத் தாயின் மகள் என் மேசைக்கு முன்னால் சான்றிதழின் போட்டோக் கொப்பியை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். அவர் செய்த பிழை என்ன? பெரியவர்கள் சொன்ன இடத்தில் கையெழுத்து வைத்தார், அவ்வளவுதான்.

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவாளர் முன்னால் சம்மதம் சொல்லிக் கையெழுத்து வைத்தால் நீங்கள் கணவன் மனைவி. தாலி கட்டவில்லை, ஒன்றாக வாழவில்லை, ஊருக்குச் சொல்லவில்லை என்பதெல்லாம் சட்டத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. இடத்தைப் பிடித்து வைக்க முற்பணம் கட்டுவதைப் போல எழுத்தை நினைக்கிறார்கள். மாப்பிள்ளை மனம் மாறிவிட்டால் 'எழுத்தைக் கான்சல் பண்ணலாமா' என்று பிரதேச செயலகத்துக்குப் போகிறார்கள். அங்கே கான்சல் பண்ண எதுவும் இல்லை. மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குத்தான் போட வேண்டும். அதிலும் சோரம் (வேறொருவரோடு உறவு), கெட்ட நோக்கோடு கைவிட்டுப் போதல், தீராத ஆண்மையின்மை போன்ற காரணம் ஒன்றை நிரூபிக்க வேண்டும். இருவருக்கும் விருப்பமில்லை என்பது மட்டும் போதாது. முதல் தீர்ப்பு வந்த பிறகும் அது இறுதித் தீர்ப்பாக மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இறுதித் தீர்ப்பு கையில் கிடைக்கும் முன் அடுத்த சம்பந்தத்துக்கு எழுத்து வைத்தால் அது குற்றம். ஏழு ஆண்டுவரை சிறைத்தண்டனை இருக்கிறது. ஒரு நாள் கூடச் சேர்ந்து வாழாத பிள்ளைகள் இதற்காக நீதிமன்றப் படி ஏறுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அவசர எழுத்து விசா வழியையும் அடைத்துவிடும். பிரித்தானியாவுக்கு நிச்சயிக்கப்பட்டவர் விசா உண்டு: ஆறு மாதம், வேலை செய்ய முடியாது, அதற்குள் அங்கே மணம் முடிக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் அதற்கு 300ஆம் இலக்க விசா. அமெரிக்காவில் கே-1, அதுவும் அமெரிக்கப் பிரஜைதான் கூப்பிடலாம், கிரீன் கார்ட் வைத்திருப்பவர் கூப்பிட முடியாது. இங்கே எழுத்தை முடித்துவிட்டு இவற்றுக்குப் போடுவது வீண். கணவன் மனைவி வழியில்தான் போடலாம். கனடாவில் இதற்கு மாறாக நிச்சயிக்கப்பட்டவர் என்ற வகுப்பே இல்லை, எழுத்து இல்லாமல் அங்கே நகராது. ஆகவே எந்த நாடு என்று பார்த்த பிறகுதான் எழுத்துக்கு நாள் வைக்க வேண்டும்.

மூதூர், கிண்ணியாப் பக்கத்துக் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்க, தொலைபேசியிலோ வேறொருவர் வழியாகவோ முடிக்கும் நிக்காஹ்வை 2015 முதல் கனடா ஸ்பொன்சருக்கு ஏற்பதில்லை. இருவரும் நேரில் இருந்தே ஆக வேண்டும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரரை மணம் முடித்தவர்களும் வருகிறார்கள். இங்கே கல்யாணம் செய்ததாலேயே அவருக்கு இங்கே தங்கும் உரிமை வந்துவிடாது. பத்தரமுல்லையில் உள்ள குடிவரவுத் திணைக்களத்தில் வதிவிட விசா எடுக்க வேண்டும். சுற்றுலா விசாவோடு உங்கள் கெஸ்ட் ஹவுஸில் அவரை வேலைக்கு நிறுத்தாதீர்கள், சம்பளம் கொடுக்காவிட்டாலும்.

சரி, என்ன செய்வது? எழுத்துக்கு முன்பு மாப்பிள்ளையின் விசா நிலையைக் கடிதத்தோடு பாருங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். அவருடைய ஏதாவது விண்ணப்பம் எங்காவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஓடினால் எழுத்து முடிந்த கையோடு அறிவிக்கச் சொல்லுங்கள், அல்லது எழுத்தைத் தள்ளிப்போடுங்கள். பிரித்தானியா என்றால் வருமானத்தையும் கேளுங்கள். 2024 ஏப்ரல் முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 29,000 பவுண்ட் காட்ட வேண்டும், முன்பு 18,600தான். பெண்ணுக்கு அடிப்படை ஆங்கிலப் பரீட்சையும் காசநோய்ச் சான்றிதழும் வேண்டும். ஜெர்மனி என்றால் பெரும்பாலும் ஏ1 எனும் ஆரம்ப நிலை ஜெர்மன் மொழி. இதை ஆறு மாதத்துக்கு முன்பே படிக்கத் தொடங்கியிருந்தால் எத்தனை பேர் காத்திருப்பு குறைந்திருக்கும்!

எழுத்தும் தாலிகட்டும் வெவ்வேறு நாளில் நடந்திருந்தால் இரண்டு திகதியையும் படிவத்தில் எழுதுங்கள். நம் வழக்கம் வெளிநாட்டு அதிகாரிக்குத் தெரியாது, ஒரு பக்கக் கடிதத்தில் விளக்குங்கள். இடையில் மாணவர் விசாவுக்கோ விசிட் விசாவுக்கோ போட்டாலும் 'திருமணமானவர்' என்றே போடுங்கள். 'சிங்கிள் என்று போட்டால் லேசு' என்று ஏஜென்சிக்காரர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பொய் பிடிபட்டால் கனடாவில் ஐந்து ஆண்டுத் தடை, பிரித்தானியாவில் பத்து. தடை விழுவது ஏஜென்சிக்காரர் மேல் இல்லை, உங்கள் பிள்ளை மேல்.

ஏற்கெனவே பிழையாக எழுதிக் கொடுத்தவர்கள் அடுத்த படிவத்திலும் அதையே எழுதி மூடப் பார்க்காதீர்கள். இதுவரை கொடுத்த எல்லாப் படிவங்களின் பிரதியையும், விவாகச் சான்றிதழையும், இருவர் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். கணவரோ மனைவியோ இருக்கும் நாட்டில் உரிமம் பெற்ற ஆலோசகரிடமும் அவற்றைக் காட்டுங்கள். நாங்கள் ஏசுவோம் என்று பயந்து எதையும் மறைக்க வேண்டாம்.